மூன்று சாம்பல், ஒரு காகித நுண்ணோக்கி: ரோஜா நோயைப் பிரித்தறிய ஃபோல்ட்ஸ்கோப் எவ்வளவு உதவும்?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிளாஸ்டிக் கூரைப் பசுமைக்குடிலான பாலிஹவுஸில் கொய்மலர் ரோஜா போடுகிறவர்களிடம் ‘சாம்பல் விழுந்துவிட்டது’ என்றால் உடனே வருகிற கேள்வி, ‘எந்தச் சாம்பல்?’ என்பதுதான். தமிழில் பெயர் வைத்தவர்கள் மூன்று நோய்க்கும் ஒரே சொல்லைப் பிய்த்துக் கொடுத்துவிட்டார்கள்: சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், சாம்பல் பூசணம். அதனாலேயோ என்னவோ, தோட்டத்தில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. அதே வரிசையில் ‘பவுடரி’, ‘டவுனி’, ‘போட்ரைடிஸ்’ என்றால்தான் மேற்பார்வையாளருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் புரியும்.

மூன்றும் மூன்று வேறு உயிர்கள். பவுடரிக்குக் காரணம் போடோஸ்பேரா பனோசா. டவுனிக்குக் காரணம் பெரனோஸ்போரா ஸ்பார்சா. இது உண்மையில் பூசணமே இல்லை, பழுப்புப் பாசிகளின் தூரத்துச் சொந்தமான ஊமைசீட் கூட்டத்தைச் சேர்ந்தது. மூன்றாவது போட்ரைடிஸ் சினேரியா. பெயரை மாற்றிச் சொன்னால் போகட்டும் என்று விடலாம், மருந்தை மாற்றி அடித்தால் விட முடியாது. நனையும் கந்தகம் பவுடரியை அடக்கும், டவுனியை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் டவுனிக்கு வேலை செய்யும், மற்ற இரண்டிடமும் பலிக்காது. ஹெக்சகோனசோல் போன்ற ட்ரையசோல் மருந்துகள், பூசணத்தின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுப்பவை. டவுனி அந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை என்பதால் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. தவறான மருந்தில் போகிற ஐந்து நாளில் டவுனி ஒரு முழுப் பாத்தியின் இலையையும் கொட்டவைத்துவிடும்.

இந்த மூன்றையும் தோட்டத்திலேயே, அடுத்த தெளிப்புக்கு முன் பிரித்துச் சொல்ல ஃபோல்ட்ஸ்கோப் போதுமா என்பதுதான் இந்த மதிப்புரை. மற்ற எதற்கும் இதை அளந்து பார்க்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் வடிவமைத்து 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட மடிப்புக் காகித நுண்ணோக்கி இது. காகிதத்தை மடித்துச் சொருகி, ஒரு குட்டிக் கண்ணாடிக் கோலி வில்லையைப் பொருத்தினால் கருவி தயார். 140 மடங்கு பெருக்கும், 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. முதல்முறை மடிப்பவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். காந்த வளையத்தைக் கைபேசி கேமராமேல் ஒட்டினால் படமும் எடுக்கலாம். நோய் அறியும் வேலைக்குக் கண்ணை வைத்துப் பார்ப்பதைவிடக் கைபேசியில் பார்ப்பதே மேல். திரையில் இரண்டு விரலால் விரித்துப் பார்க்கலாம், படத்தை அப்படியே வேறொருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம்.

140 மடங்கு என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது, நோயைப் பரப்பும் நுண்ணிய வித்துகளின் (ஸ்போர்) அளவு. போட்ரைடிஸ் வித்து நீளவாக்கில் 8 முதல் 14 மைக்ரான். டவுனியில் வித்தாகப் பரவும் வித்துப்பை 17 முதல் 22. பவுடரி வித்து 20 முதல் 30. மூன்றும் 2 மைக்ரானைவிடப் பல மடங்கு பெரியவை, ஆகவே வடிவம் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. பவுடரி வகைகளைப் பிரிக்க நோயியலாளர்கள் தேடும் ஃபைப்ரோசின் துகள்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ரோஜாத் தோட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

கருவியைக் குறைசொல்பவர்களில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, ‘எவ்வளவு இழுத்தாலும் தெளிவே வரவில்லை’ என்பார்கள். கோலி வில்லையின் குவிதூரம் மிகக் குறைவு. வில்லைக்கும் மாதிரிக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளிதான் கிடைக்கும். சாதாரணக் கண்ணாடித் தகடு 1 மில்லிமீட்டர் தடிமன். மாதிரி வில்லையைப் பார்த்தபடி இருந்தால் படம் கிடைக்கும். தகட்டின் மறுபக்கம் இருந்தால் எந்நாளும் கிடைக்காது. முழு இதழையோ இலையையோ சொருகிப் பார்ப்பதும் இதே காரணத்தால் வீண். தடிமனானது வில்லையில் உரசும், வெளிச்சமும் ஊடுருவாது. மாதிரி மெல்லியதாக, ஒளி புகுவதாக இருக்க வேண்டும். எனவே இந்தக் கருவியின் வெற்றி தோல்வி பாதிக்குமேல் மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது.

பவுடரிதான் மூன்றிலும் சுலபம். இளந்துளிர், மொட்டுக்குக் கீழே உள்ள கழுத்து, முள்ளின் அடி ஆகிய இடங்களில் முகப்பவுடர் தூவியதுபோல் இருக்கும், இலை சுருண்டு மேலே மடியும். கண்ணாடி போன்ற செல்லோ டேப்பை, மங்கலான வகையை அல்ல, அந்த வெள்ளைமேல் மெதுவாக ஒற்றி எடுத்துத் தகட்டில் ஒட்டினால் போதும். பீப்பாய் வடிவ வித்துகள் கோத்த சங்கிலியும் அங்கங்கே அறுந்த துண்டுகளும் தெரியும். நிறமற்றவை என்பதால் சாயம் போட்டால் நன்றாக எடுபடும். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ கிடைக்கும். அதில் ஃபீனால் இருப்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வேண்டாமென்றால் நீலப் பேனா மசி ஒரு பங்கு, வெள்ளை வினிகர் பத்தொன்பது பங்கு கலந்து வைத்துக்கொள்ளலாம். நோயைப் பிரிக்கும் அளவுக்கு அது போதும். பவுடரி மாதிரியை ஈரப் பெட்டியில் வைத்து ‘வளரவிட’ வேண்டாம். தண்ணீர் நின்றால் இதன் வித்துகள் கெட்டுப்போகும். பறித்தவுடன் பார்ப்பதே சரி.

டவுனி இதற்கு நேர் எதிர். இங்கேதான் இந்தக் கருவி கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது, இங்கேதான் அதிகம் ஏமாற்றவும் செய்கிறது. இலையில் ஊதா கலந்த சிவப்பு அல்லது கரும்பழுப்புத் திட்டு, நரம்போடு நரம்பு முட்டிக் கோணல்மாணலாக நிற்கும். தொட்டால் சிற்றிலை உதிரும். மருந்து அடித்துக் கருகிய இலையும் கிட்டத்தட்ட இதே நிறம்தான். குழப்பம் தொடங்குவது அங்கே. கருகல் நரம்புக் கோட்டை மதிக்காது. மருந்து வழிந்து தேங்கும் இலை நுனியிலும் ஓரத்திலும் அதிகம் இருக்கும், ஒரே நாளில் ஒரே வயது இலைகளில் வரும். டவுனி திட்டின் அடிப்புறத்தில் வித்து இருக்கும், கருகலில் இருக்காது. ஆனால் அந்த வித்து கண்ணில் படுவது அரிது. ஸ்பார்சா என்ற லத்தீன் சொல்லுக்கே ‘சிதறியது, அடர்த்தியற்றது’ என்றுதான் பொருள். திராட்சை டவுனிபோல் வெள்ளைக் கம்பளமாக விரியாது.

வித்து உருவாவது இரவு ஈரத்தில். காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் பறித்த இலையில் இருக்கும், பக்கவாட்டுத் திரையைத் தூக்கிக் காற்றோட்டம் வந்த பிறகு பதினோரு மணிக்குப் பறித்ததில் பெரும்பாலும் இருக்காது. நண்பகலில் மாதிரி எடுத்து, ஒன்றும் தெரியவில்லை என்று ‘மருந்துக் கருகல்’ எனத் தீர்ப்பு எழுதினால் பழி கருவிமேல் இல்லை. சந்தேகம் இருந்தால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான டிஷ்யூ தாளை விரித்து, அதன்மேல் இரண்டு குச்சி போட்டு, இலையின் அடிப்புறம் மேலே பார்க்கும்படி வைத்து, 15 முதல் 20 டிகிரியில் ஓர் இரவு இருட்டில் விட வேண்டும். இலை தாளைத் தொடக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. கோடையில் சமையலறை மேடையில் வைத்தால் பலன் இல்லை, 27 டிகிரிக்கு மேல் இந்த உயிரி அசையாது. மறுநாள் காலை திட்டின் ஓரத்தில் டேப்பை ஒற்றிச் சாயத்தோடு பார்க்க வேண்டும். வித்தைத் தாங்கும் நிறமற்ற மெல்லிய தண்டு இரண்டு இரண்டாகக் கிளைபிரிந்து, நுனிகள் கொக்கிபோல் வளைந்திருந்தால் டவுனி. தனித்தனி முட்டை வடிவம் மட்டும் தெரிந்து தண்டு தெரியாவிட்டால் அவசரப்பட வேண்டாம், மேலும் இரண்டு இடத்தில் டேப் ஒற்றிப் பார்க்கலாம்.

இலையின் மேற்புறத்தில் வட்டமாக, ஓரம் இறகுபோல் பிசிறிட்ட கரும்புள்ளி இருந்தால் அது டிப்ளோகார்பான் என்ற பூசணம் உண்டாக்கும் கரும்புள்ளி நோய். தண்ணீர் தெறித்துப் பரவும் நோய் என்பதால் திறந்தவெளி ரோஜாவில் அதிகம். சொட்டுநீர்ப் பாலிஹவுஸில் அது பெருகினால் முதலில் கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

போட்ரைடிஸுக்கு வருவோம். கொய்மலர் வியாபாரத்தில் பணத்தைத் தின்பது இதுதான். ஏனென்றால் செடியில் தெரியாமல் பெட்டிக்குள் தெரியும். வெளிவட்ட இதழில் குண்டூசித் தலை அளவு புள்ளி, வெளிர் நிற ரகங்களில் இளஞ்சிவப்பாகவும் சிவப்பு ரகங்களில் வெளிறியும் தொடங்கும். பிறகு பழுப்பாகி, நனைந்த தாள்போல் ஆகும். இதழ்கள் கூடும் அடிப்பகுதிக்கு இறங்கினால், பூவின் தலையைத் தட்டினாலே இதழ்கள் உதிரும். குளிர்அறை இதைக் கொல்லாது. 2 டிகிரியிலும் மெதுவாக வளரும். குளிர்ந்த பெட்டியை வெப்பமான இடத்தில் திறந்ததும் இதழில் வியர்க்கும், அந்த ஈரத்தில் மீதி வேலை நடக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் காதலர் தினச் சரக்குக் கட்டும்போது மார்கழி, தைப் பனியின் மிச்சம் இன்னும் பாலிஹவுஸுக்குள் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஃபோல்ட்ஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பயன் இல்லை. புள்ளி நிலையில் வித்து கிடையாது, எந்த நுண்ணோக்கியிலும் ஒன்றும் தெரியாது. அதற்குமுன் ஈரப் பரிசோதனை வேண்டும். ஒரு லாட்டுக்குப் பத்துப் பூவை எடுத்து, தண்ணீரில் நிறுத்தி, ஈரத்தாள் வைத்த பெரிய பாலிதீன் பையால் மூடி, 20 டிகிரி சுமாரில் 48 மணி நேரம் வைக்க வேண்டும். பூ பாலிதீனில் படாமல் இருக்க நான்கு மூங்கில் குச்சி நட்டுக்கொள்ளலாம். போட்ரைடிஸ் உள்ளே பதுங்கியிருந்தால் சாம்பல் கலந்த பழுப்பு மயிர் முளைக்கும், ஊதினால் புகைபோல் பறக்கும். அந்தப் பையை பாலிஹவுஸுக்குள்ளோ கிரேடிங் ஷெட்டிலோ திறக்கக் கூடாது. பையோடு வெளியே கொண்டுபோய்த் திறந்து, வேலை முடிந்ததும் எரித்துவிட வேண்டும்.

டேப் முறை போட்ரைடிஸுக்குச் சரிவராது. தொட்டதும் வித்துகள் உதிர்ந்து, டேப்பில் உருண்டைகள் மட்டும் கொட்டிக் கிடக்கும், அடையாளம் காட்டும் கிளை நசுங்கிப்போகும். ஊசி முனையால் மயிரில் ஒரு சிறு கொத்தைக் கிள்ளி, தகட்டில் ஒரு சொட்டு 70 சதவீத ஸ்பிரிட்டில் வைத்து, அது ஏறக்குறைய காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடித்தகடு போட வேண்டும். ஸ்பிரிட் எதற்கு என்றால், இந்த வித்துகள் தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும், ஸ்பிரிட் பட்டால்தான் நனையும். சாயம் தேவையில்லை, தண்டே பழுப்பு. மரம்போல் கிளைத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் திராட்சைக் குலைபோல் வித்து திரண்டிருக்கும். திராட்சைக் குலைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு சந்தேகம் வராது.

சந்தேகம் வர வேண்டிய இடம் வேறு. ஈரத்தில் 48 மணி நேரம் வைத்தால் செத்த இதழில் எந்தப் பூசணம் வேண்டுமானாலும் முளைக்கும். கிளாடோஸ்போரியமும் கிளைத்த மரமாகத்தான் தெரியும், ஆனால் வித்துகள் குலையாக இல்லாமல் சங்கிலியாக, சிறிதும் பெரிதுமாக இருக்கும், கூட்டமாகப் பார்த்தால் ஆலிவ் பச்சை. பெனிசிலியம் சிறு துடைப்பம் போல. ஆல்டர்னேரியா வித்து கதாயுதம்போல், குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் வைத்தது. ரைசோபஸ் கரும்புள்ளித் தலையோடு நூல்நூலாக டப்பாவையே நிறைத்துவிடும். இவை பெரும்பாலும் விருந்தாளிகள். வேலைக்காகாத பழைய, வாடிய இதழில் போட்ரைடிஸே இருந்தாலும் அதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது, அது செத்ததையும் தின்னும். உயிருள்ள இதழில் புள்ளியும் நல்ல திசுவும் சந்திக்கும் ஓரத்திலிருந்து எழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. மேலோட்டமான தூசு வித்துகளைக் குறைக்க, ஈரப் பெட்டிக்குப் போகும் இதழை 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கொதித்து ஆறிய நீரில் இருமுறை அலசிவிடலாம். பத்துப் பூவில் ஐந்தை அலசியும் ஐந்தை அலசாமலும் வைத்தால் தொற்று இதழுக்குள் இருந்ததா, மேலே ஒட்டியிருந்ததா என்று ஓரளவு விளங்கும்.

இனி குறைகள். கோலி வில்லை என்பதால் நடுப்பகுதி மட்டும் துல்லியம், ஓரங்கள் குழம்பும். நகர்த்தி நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்கும் பொறுமை வேண்டும். காற்றுக்குமிழிகள் கறுப்பு வளையம் போட்டு வித்துபோல் நடிக்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் வித்து, அளவு தாறுமாறாக இருந்து விளிம்பு தடித்திருந்தால் குமிழி என்று ஏறக்குறையப் பிரிக்கலாம். அளவுகோல் இல்லை. பக்கத்தில் ஒரு தலைமுடி வைத்து ஒப்பிடுவது பழைய தந்திரம், அது ஏறக்குறைய 70 மைக்ரான். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், 10 மைக்ரானையும் 25 மைக்ரானையும் பிரிக்க அந்தத் துல்லியம் தாராளம். வெளிச்சத்துக்குச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். வெள்ளைச் சுவர், மேகம், அல்லது டிஷ்யூ தாள் ஒட்டிய எல்இடி டார்ச் போதும். வில்லையில் விரல்பட்டால் ஸ்பிரிட் தொட்ட வில்லைத்தாளால் துடைக்கலாம். சட்டை நுனி வேண்டாம்.

இது செய்யவே முடியாத வேலையும் உண்டு. நீலகிரிப் பக்கம் கார்னேஷன் போடுகிறவர்களுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டோம். அங்கே பெரிய எதிரி ஃபியூசேரியம் வாடல். ஒரு பக்க இலை மட்டும் மஞ்சளாகி, தண்டை நெடுக்காகப் பிளந்தால் குழாய்த் திசு பழுப்புக் கோடாகத் தெரியும். அதற்குக் கத்தியும் கண்ணும் போதும். அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் ஆய்வக வளர்ப்பு ஊடகத்தில் பூசணத்தை வளர்த்துப் பார்க்க வேண்டும். சிறு வித்துகள் 2, 3 மைக்ரான் அகலம்தான். இதில் வெறும் கோட்டுத் துணுக்காகத் தெரியும். மண்ணில் எப்போதும் கிடக்கும் தீங்கில்லாத ஃபியூசேரியத்தையும் செடியைக் கொல்வதையும் உருவத்தை வைத்துப் பிரிக்க எந்த நுண்ணோக்கியாலும் ஆகாது. மருந்துக்குப் பழகிப்போன போட்ரைடிஸா என்பதும் இப்படியே. கார்பெண்டாசிம் கூட்டத்துக்குப் பழகிய போட்ரைடிஸ் உலகெங்கும் பரவியிருக்கிறது, குலையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

அந்த நிலையில் மாதிரியை வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறைக்கோ நம்பகமான தனியார் ஆய்வகத்துக்கோ அனுப்புவதே வழி. பாலிதீனில் கட்டி அனுப்பாதீர்கள், வழியிலேயே அழுகி ரைசோபஸ் அறிக்கைதான் திரும்பி வரும். உலர்ந்த செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில், நோயும் நல்ல திசுவும் சேர்ந்த பகுதி இருக்கும்படி, திங்கள் அல்லது செவ்வாயன்று அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் சனி ஞாயிறு கூரியர் கிடங்கில் வேகும். கடைசி மூன்று தெளிப்பின் மருந்து, அளவு, தேதியை எழுதி உடன் வைக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டால்: 10 மடங்கு கைலென்ஸ் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்க வேண்டியது, பவுடரிக்கும் முளைத்துவிட்ட போட்ரைடிஸுக்கும் அதுவே போதும். 60 மடங்கு எல்இடி பாக்கெட் நுண்ணோக்கி இலைமேல் நேராக வைத்துப் பார்க்க வசதி, மாதிரி தயாரிக்கும் தொல்லை இல்லை. டவுனியின் தண்டு இருப்பது தெரியும், கொக்கி நுனி தெரியாது. மாணவர் வகைக் கூட்டு நுண்ணோக்கி 400 மடங்குக்குப் போகும், எல்லாவற்றிலும் மேல், ஆனால் மேசையும் தூசியில்லாத அறையும் கேட்கும். புகைப்படம் பார்த்து நோய் சொல்லும் கைபேசிச் செயலிகளை ரோஜா டவுனிக்கு நம்ப மாட்டோம். மருந்துக் கருகலும் டவுனியும் படத்தில் ஒன்றுபோல இருக்கும்போது, இலையின் அடிப்புறத்தைப் பார்க்காத செயலி எதை வைத்துச் சொல்லும்?

நம் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. அரை ஏக்கருக்கு மேல் கொய்மலர் ரோஜா வைத்திருந்து, தினமும் காலையில் பாத்தி சுற்றும் ஆள் ஒருவர் இருந்தால் வாங்கலாம். கருவியோடு கண்ணாடித் தகடு, மூடித்தகடு, செல்லோ டேப், ஊசி, 70 சதவீத ஸ்பிரிட், மசி வினிகர், மூடியுள்ள டப்பா இரண்டு ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் நோய் தெரிந்த செடியில் பழக வேண்டும். ஒரு பவுடரி, ஒரு போட்ரைடிஸ் படத்தைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட வசதி. டவுனிப் படம் ஐப்பசி மழைக்குப் பிந்திய ஏதாவது ஓர் ஈரக் காலையில்தான் கிடைக்கும்.